ஏழைக்குக் கோயில்; காசுக்குப் பள்ளியா?

சேலத்திலிருந்து சோலையார்ப்பேட்டை நோக்கி ஓடும் தொடர்வண்டித் தடத்தில் சாமல்பட்டி ஒரு சிறிய நிலையம். கிருட்டிணகிரி மாவட்டம் ஊற்றங்கரை வட்டத்தைச் சேர்ந்த ஊர். வானம் பார்த்த நிலமும், மாந்தோப்பும், கருங்கல்லை அறுத்து மெருகேற்றும் பட்டறைகளுமாக அமைந்த பகுதி அது. ஞாயிற்றுக்கிழமை மாலையில் அங்கே சற்று நின்று பார்ப்பவர்க்கு இந்நாட்டின் பொருளியல் முழுவதும் நூலின்றியே விளங்கிவிடும். தோளில் ஒரு துணிப்பை, கையில் ஒரு சோற்றுத் தூக்கு. இருபது அகவை நிரம்பியும் நிரம்பாமலும் உள்ள இளைஞர்கள் கூட்டங் கூட்டமாக நிற்பர். சிலர் பெங்களூரில் கட்டட வேலைக்குச் செல்வோர். சிலர் கிருட்டிணகிரி வழியாக ஒசூர்த் தொழிற்பேட்டைக்குச் செல்வோர். பிறந்த மண் அவர்களுக்குப் பெயர் தந்தது, சோறு தரவில்லை.

அந்நிலையத்தின் கல்லிருக்கையில் அமர்ந்திருந்த கல் அறுப்புத் தொழிலாளர் ஒருவரோடு அண்மையில் உரையாட நேர்ந்தது. அவர் வழிவழியாகக் கத்தோலிக்கர். தம் பங்கில் கோயில் எழும்பியபோது பதினைந்து நாள் கூலி பெறாமல் கல் அறுத்துக் கொடுத்தவர். பின்னர் அதே வளாகத்தில் ஆங்கிலவழிப் பள்ளி ஒன்றும் எழும்பியது. மகளைச் சேர்க்கச் சென்றார். கட்டணப் பட்டியலைக் கையில் கொடுத்தனர். படித்துப் பார்த்தார், மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். மகள் இன்று அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படிக்கிறாள், நன்றாகவே படிக்கிறாள். அப்பள்ளியின் பெயரை நாம் எழுதவில்லை. ஒரு பள்ளியின் குற்றமாக இதனைச் சுருக்கிவிட நமக்கு விருப்பமில்லை. அவர் சினந்து பேசவில்லை. "கோயில் உங்களுடையது என்று சாமியார் சொல்கிறார், ஐயா. அப்படியானால் பள்ளி யாருடையது?" என்று மட்டும் கேட்டார்.

அவ்வொரு வினாவுக்கு விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுவோம். இஃது எச்சமயத்தையும் பழிக்க எழுதப்பெற்றதன்று. கிறித்துவப் பள்ளி என்றாலே மதமாற்றக் கூடம் என்று கூச்சலிடும் மதவெறிக் கூட்டத்தோடு நமக்கு எவ்வகை ஒட்டும் உறவும் இல்லை. அவர்கள் அப்பள்ளிகளை வெறுப்பது, அவை ஏழையை மறந்தமையால் அன்று. ஒரு காலத்தில் ஏழையை நினைந்தமையால்! நாம் கேட்பதோ அதற்கு நேர்மாறானது. நினைந்தவர்கள் ஏன் மறந்தீர்கள் என்பதே நம் வினா.

தமிழ் பட்ட கடன்

தமிழ் கத்தோலிக்கத் துறவியர்க்குப் பட்ட கடன் சிறிதன்று. 1578ஆம் ஆண்டு கொல்லத்தில் அச்சேறிய 'தம்பிரான் வணக்கம்' அன்றிக்கே அடிகளாரின் உழைப்பு. இந்திய மொழிகளுள் முதன்முதலாக அச்சு வடிவம் கண்டது நம் மொழியே என்னும் பெருமை அதனால் வந்தது. இத்தாலியில் பிறந்த வீரமாமுனிவர் தமிழைக் கற்று, சதுரகராதி தொகுத்து, காப்பியமும் பாடினார். யாழ்ப்பாண மண் தந்த தனிநாயகம் அடிகளார் தமிழாராய்ச்சியை உலகப் பல்கலைக்கழகங்களின் வாயிலுக்குக் கொண்டு சென்றார்; 1966இல் கோலாலம்பூரில் கூடிய முதல் உலகத் தமிழ் மாநாட்டிற்குப் பின்னின்று உழைத்த கை அவருடையது. திருச்சபையின் அங்கி அவர்களைத் தமிழினின்று பிரிக்கவில்லை.

கல்வித் தொண்டும் அத்தகையதே. ஊர்ப் பொதுக்கிணற்றில் நீர் மொள்ளவும் விடப்படாத மக்களின் பிள்ளைகளை அழைத்து அமர்த்தி எழுத்தறிவித்த பள்ளிகளுள் கிறித்துவத் துறவியரின் பள்ளிகள் முன்வரிசையில் நின்றன. சாமல்பட்டியிலிருந்து அதே தடத்தில் வடக்கே சிறிது தொலைவு சென்றால் திருப்பத்தூர் வரும். அங்கே 1951இல் சலேசியத் துறவியர் நிறுவிய கல்லூரியின் பெயரைக் கேளுங்கள்: தூய நெஞ்சக் கல்லூரி! வறண்ட வட்டாரத்துச் சிற்றூர்ப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாகப் பட்டம் பெற்ற இடம் அது. பெயரே தமிழாக நிற்கும் அந்தக் கல்லூரியைப் பார்த்துவிட்டு, இன்று ஒசூர்ச் சாலையில் முளைக்கும் ஆங்கிலப் பெயர்ப் பலகைகளைப் பார்ப்பவர்க்கு, இடையில் என்ன நேர்ந்தது என்னும் வினா எழாமற் போகாது.

திருச்சபையின் சொல்

நம் அளவுகோலைக் கொண்டு திருச்சபையை அளக்க வேண்டிய தேவையே இல்லை. அதன் அளவுகோலைக் கொண்டே அதனை அளப்போம்.

1891ஆம் ஆண்டு மே 15ஆம் நாள் திருத்தந்தை பதின்மூன்றாம் இலியோ தொழிலாளர் நிலைபற்றி ஒரு சுற்றுமடல் விடுத்தார். அவர் பொதுவுடைமையை ஏற்றவரல்லர், தனியுடைமையை வலியுறுத்தியவர். ஆயினும், வறுமைக்கு அஞ்சி ஒருவன் குறைந்த கூலிக்கு உடன்பட்டுவிட்டான் என்பதனாலேயே அக்கூலி நேர்மையான கூலி ஆகிவிடாது. உழைப்பவன் வாழப் போதுமானதே கூலி என்றார். தொழிலாளர் சங்கம் அமைத்தல் அவர்களின் இயல்பான உரிமை என்றார். 2025 மே 8ஆம் நாள் தேர்வு பெற்ற திருத்தந்தை, தமக்குப் பதினான்காம் இலியோ எனப் பெயர் சூட்டிக்கொண்டதே அம்மடலை நினைந்துதான் என்று கூறினார். எனவே அது பழம்பெட்டியில் கிடக்கும் ஓலையன்று. இன்றும் உரோமையின் உயிருள்ள சொல்.

1965இல் இரண்டாம் வத்திக்கான் பொதுப்பேரவை கல்விபற்றி ஓர் அறிக்கை தந்தது. பொருளால் ஏழைகளானோர், குடும்பத்தின் அரவணைப்பை இழந்தோர், நம்பிக்கையில் வேறுபட்டோர் ஆகியோரின் தேவையையே கத்தோலிக்கப் பள்ளிகள் சிறப்பாகக் கருத வேண்டும் என்று அது வேண்டியது.

1971இல் உரோமையில் கூடிய ஆயர் மாமன்றமோ இன்னும் கூர்மையாகச் சென்றது. உலகில் நயன்மை என்னும் தலைப்பிலான அதன் ஆவணம், நடப்பிலுள்ள கல்விமுறை தன்னலத்தை வளர்க்கிறது, உடைமையைப் போற்றக் கற்பிக்கிறது, இருக்கின்ற அமைப்பு விரும்பும் மாந்தனையே வார்த்தெடுக்கிறது என்று குற்றஞ்சாட்டியது. நயன்மையைப் பற்றிப் பிறர்க்கு உரைக்கப் புறப்படுவோர், பிறர் கண்முன் முதலில் தாம் நயன்மையுடையோராய் இருத்தல் வேண்டும் என்றது. திருச்சபையின் பணியாளர்க்குப் போதிய வாழ்வூதியமும் பாதுகாப்பும் உண்டா என்றும் அது தன்னைத்தானே வினவிக்கொண்டது.

இவை நம் இயக்கத்தின் கோரிக்கைகள் அல்ல, திருச்சபையின் ஆவணங்கள். ஆயர்களே ஒப்பமிட்டவை. இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016 திசம்பரில் வெளியிட்ட கொள்கை ஆவணம், தீண்டாமை திருச்சபைக்குள்ளேயே நடைமுறையில் இருப்பதை ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொள்ளும் துணிவைப் பாராட்டுவோம். ஆனால் ஒப்புதல் என்பது திருந்துதலின் வாயில், திருந்துதல் அன்று.

தூரின் நகரில் ஓர் ஒப்பந்தம்

கத்தோலிக்கக் கல்விக்கும் தொழிலாளர் வாழ்வுக்கும் என்ன உறவு என்று கேட்போர்க்கு ஒரு சிறு வரலாறு சொல்வோம். சென்ற நூற்றாண்டுக்கும் முந்திய நூற்றாண்டில், வடஇத்தாலியின் தூரின் நகரம் தொழில்நகராக வளர்ந்துகொண்டிருந்தது. மலையடிச் சிற்றூர்களிலிருந்து சிறுவர்கள் பிழைப்புத் தேடி வந்தனர். இன்று சாமல்பட்டியிலிருந்து இளைஞர்கள் புறப்படுவது போல. அச்சிறுவர்களைத் திரட்டித் தங்குமிடமும் எழுத்தறிவும் தொழிலறிவும் தந்தவரே தொன் போசுகோ. திருப்பத்தூர்க் கல்லூரியை நிறுவிய சலேசியத் துறவியரின் தந்தை அவர்.

அவர் மறைப்பாடம் கற்பித்து, வாழ்த்துச் சொல்லிச் சிறுவர்களைப் பட்டறைக்கு அனுப்பிவிடவில்லை. 1852இல் ஒரு தச்சுப் பட்டறை முதலாளியோடு ஒரு சிறுவனுக்காக எழுத்து ஒப்பந்தம் செய்து, அதில் தாமும் கையொப்பமிட்டார். தொழிலை ஒளிக்காமல் கற்றுத்தர வேண்டும். தொழிலுக்குப் புறம்பான ஏவல் வேலை வாங்கலாகாது. தவறினால் சொல்லால் திருத்த வேண்டுமேயன்றி அடித்தல் கூடாது. ஓய்வுநாள் தர வேண்டும். குறித்த கூலி குறித்தபடி தர வேண்டும் என்பன அதன் கூறுகள். இலியோவின் மடல் எழுதப்படுவதற்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே எழுதப்பெற்ற ஒப்பந்தம் இது!

இதுவன்றோ கல்வி! கற்பித்தவர், தாம் கற்பித்த பிள்ளை எங்கே வேலைக்குப் போகிறான், என்ன கூலி பெறுகிறான், யாரிடம் அடிபடுகிறான் என்பதுவரை பின்தொடர்ந்து சென்றார். பள்ளியின் சுவர் முடியுமிடத்தில் அவர் பொறுப்பு முடியவில்லை. அங்கேதான் அது தொடங்கியது.

இப்பொழுது இந்த எல்லைப் பகுதிக்கு வருவோம். 1970களில் ஒசூரில் சிப்காட் தொழிற்பேட்டை எழுந்தது. சரக்குந்தும், ஈருருளியும், கைக்கடிகாரமும், இவற்றின் உறுப்புகளும் அங்கே உருவாகின்றன. 1997இல் சேலம் மறைமாவட்டத்தினின்று பிரிந்து தருமபுரி மறைமாவட்டம் தோன்றியது. தருமபுரி, கிருட்டிணகிரி இரண்டும் அதனுள் அடக்கம். எலத்தகிரி, மத்திகிரி போன்ற பழங்கத்தோலிக்க ஊர்கள் இங்கே உள்ளன. ஆலையும் உண்டு, ஆயரும் உண்டு, பள்ளியும் உண்டு. 'பயிலுநர்' என்னும் பெயரிலும் 'ஒப்பந்தக் கூலி' என்னும் பெயரிலும் நிலைவேலையின்றி ஆண்டுகளைக் கழிக்கும் இளைஞர்களும் உண்டு. அவர்களுக்காக முதலாளிகளோடு எழுத்து ஒப்பந்தம் பேசும் தொன் போசுகோ எங்கே?

மூன்று தேர்வுகள்

பள்ளிகள் பிள்ளைகளுக்குத் தேர்வு வைக்கின்றன. நாம் பள்ளிகளுக்கு மூன்று தேர்வு வைப்போம்.

முதல் தேர்வு வாயில். யார் உள்ளே வருகின்றனர்? 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், தனியார் பள்ளிகள் தொடக்க வகுப்பு இடங்களில் நான்கில் ஒரு பங்கை நலிந்த மக்களின் பிள்ளைகளுக்குக் கட்டணமின்றி ஒதுக்க வேண்டும் என்றது. 2014 மே 6ஆம் நாள் உச்சநயன்மன்றத்தின் ஐவர் ஆயம், இச்சட்டம் சிறுபான்மையர் பள்ளிகளைக் கட்டுப்படுத்தாது என்று தீர்ப்புரைத்தது. அரசு உதவி பெறுவன, பெறாதன ஆகிய இருவகைக்கும் விலக்குக் கிடைத்தது. 2025 செப்டம்பரில் அதே மன்றத்தின் இருவர் ஆயம் அத்தீர்ப்பின்மேல் ஐயம் எழுப்பிப் பெரிய ஆயத்தின் ஆய்வுக்குப் பரிந்துரைத்தது. வழக்கு எவ்வாறு முடியினும் முடிக. சிறுபான்மையர் உரிமையை நாம் மறுப்பவரல்லோம்; சிறுபான்மையின் வலியை உணராதவரும் அல்லோம். நாம் கேட்பது இதுதான்: சட்டம் உங்களை விடுவித்தது, உங்கள் மறை உங்களை விடுவித்ததா? நான்கில் ஒரு பங்கு என்று அரசு சொன்னால்தான் ஏழைக்கு இடமா? 1965இல் பொதுப்பேரவை சொன்னபோது அது நான்கில் ஒரு பங்கு என்றா சொன்னது?

இரண்டாம் தேர்வு மொழி. 1963 திசம்பர் 4ஆம் நாள் அதே வத்திக்கான் பொதுப்பேரவை, நூற்றாண்டுகளாக இலத்தீனில் நடந்த வழிபாட்டில் மக்கள் மொழிக்கு வாயில் திறந்தது. தமிழர் தம் இறைவனைத் தமிழில் வழிபட்டனர். எத்துணைப் பெரிய மாற்றம்! பொருள் விளங்காமல் ஓதுவது வழிபாடாகாது என்னும் உண்மையை உரோமையே ஏற்றது. ஆனால் அதே வளாகத்துப் பள்ளியில் நடப்பதென்ன? கோயிலுக்குள் இலத்தீன் இறங்கிப்போக, வகுப்பறைக்குள் ஆங்கிலம் ஏறி அமர்ந்தது. பொருள் விளங்காமல் ஓதுவது வழிபாடாகாதெனில், பொருள் விளங்காமல் உருப்போடுவது கல்வியாகுமா? இறைவனுக்குத் தமிழ் விளங்குகிறது. பள்ளி அலுவலகத்திற்கு மட்டும் விளங்காதா?

எல்லைக்கு அப்பால் கருநாடக அரசு 1994இல் தொடக்க வகுப்புகளுக்குத் தாய்மொழியே பயிற்றுமொழி என ஆணையிட்டது. மேற்சொன்ன 2014 மே 6ஆம் நாளிலேயே, அதே ஐவர் ஆயமே, தாய்மொழிவழியைத் தனியார் பள்ளிகள்மீது அரசு சுமத்த இயலாதென்று இன்னொரு தீர்ப்பும் உரைத்தது. ஒரே நாள், ஒரே ஆயம். ஒரு தீர்ப்பு, ஏழைக்கு ஒதுக்கீடு சிறுபான்மைப் பள்ளிக்குக் கட்டாயமன்று என்றது. மறு தீர்ப்பு, தாய்மொழி தனியார் பள்ளிக்குக் கட்டாயமன்று என்றது. இரண்டு விலக்குகளையும் ஒருசேரப் பெற்றுக்கொண்ட பள்ளி, பெயரளவில் எச்சமயத்தைச் சேர்ந்ததாயினும், நடைமுறையில் பணம் என்னும் ஒரே சமயத்தைச் சேர்ந்ததாகிவிடும் இடர் உண்டா இல்லையா?

மூன்றாம் தேர்வு பாடம். கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி உண்டு. பிற பிள்ளைகளுக்கு நன்னெறி வகுப்பு உண்டு. பொய் சொல்லாதே, களவு செய்யாதே, பெற்றோரை மதி என்று கற்பிக்கின்றனர். நன்று. ஆனால் கூலியைக் குறைத்துக் கொடுப்பதும் களவு என்று கற்பிக்கின்றனரா? 1891ஆம் ஆண்டு மடலின் சாரம் எந்த வகுப்பில் சொல்லித் தரப்படுகிறது? நாளை ஒசூர் ஆலைக்குள் நுழையப்போகும் மாணவனுக்குக் குறைந்த அளவுக் கூலி என்றால் என்ன, வருங்கால வைப்புநிதி என்றால் என்ன, சங்கம் சேரும் உரிமை என்றால் என்ன என்று யார் சொல்லித் தருகின்றனர்? மாணவன் கேட்காமல் இருக்கட்டும். அவனுக்குக் கற்பிக்கும் ஆசிரியையின் சம்பளம் என்ன என்று நாம் கேட்போம். அரசு உதவியற்ற பள்ளியில் பட்டங்கள் பெற்ற ஆசிரியை பெறும் தொகை, கல் அறுப்பவரின் கூலியினும் குறைவாக இருப்பின், அங்கே எந்த வாயால் நன்னெறி கற்பிப்பது? 1971ஆம் ஆண்டு ஆயர்கள் தம்மைத்தாமே கேட்டுக்கொண்ட வினாவைத்தான் நாமும் திருப்பிக் கேட்கிறோம்.

அவர்கள் சொல்லும் விடைகள்

இவற்றுக்கு விடையே இல்லையா எனின், உண்டு. நேர்மையாக அவற்றையும் எடுத்துரைப்போம்.

"அரசு உதவித்தொகையை நிறுத்திவிட்டது, ஏழைகளுக்கு எப்படிப் பள்ளி நடத்துவது?" என்பர். இது மெய்யே. 1991-92 கல்வியாண்டு முதல் தொடங்கப்பெற்ற தனியார் பள்ளிகளுக்கு அரசு உதவித்தொகை இல்லை என்று தமிழ்நாட்டில் ஆயிற்று. தமிழ்வழிப் பள்ளிக்கு ஊதியம் தர மறுத்து, கட்டணப் பள்ளிக்கு மட்டும் ஒப்பளித்த ஆட்சிகளின் குற்றம் பெரிது. தமிழின் பெயரால் ஆட்சிக்கு வந்தோரே அதனைத் தொடர்ந்தனர் என்பது அதனினும் பெரிது. ஆயினும் ஒன்று கேட்போம். உதவி நின்றபோது முதலில் கைவிடப்பட்டவர் யார்? சிறுபான்மை உரிமை பறிபோகிறது என்றால் மறைமாவட்டம் தோறும் பேரணி நடக்கிறது. தமிழ்வழிப் பள்ளிக்கு உதவித்தொகை வேண்டும் என்று அதே அளவில் ஒரு பேரணி நடத்துங்கள். நம் இயக்கத்தார் முன்வரிசையில் நடப்பர்.

"பெற்றோர் ஆங்கிலத்தையே விரும்புகின்றனர்" என்பர். பெற்றோர் விரும்புவது ஆங்கிலத்தை அன்று. பிள்ளைக்கு ஒரு வேலையை. ஆங்கிலம் இல்லையேல் வேலை இல்லை என்று இந்நாட்டின் ஆட்சியும் ஆலையும் அவர்களை அச்சுறுத்தி வைத்திருக்கின்றன. ஆங்கிலத்தை ஒரு மொழிப்பாடமாக, ஏழைப் பிள்ளைக்கும் செம்மையாகக் கற்பியுங்கள், யார் தடுத்தார்? நிலநூலையும் கணக்கையும் அறிவியலையும் தாய்மொழியில் விளங்கிக்கொண்ட பிள்ளை எந்த அயன்மொழியையும் எளிதிற் கற்கும். அச்சத்தை நீக்குவது ஆசிரியர் தொழில். அச்சத்தை விற்பது வணிகர் தொழில்.

"கட்டணப் பள்ளியின் வருவாயைக் கொண்டே ஏழைகளுக்கான இல்லங்களையும் மருந்தகங்களையும் நடத்துகிறோம்" என்பர். பல இடங்களில் இதுவும் மெய்யாயிருக்கலாம். மெய்யாயிருக்க வேண்டுமென்றே விரும்புகிறோம். அங்ஙனமாயின் கணக்கை வெளியிடுங்கள். எத்தனை காசு வந்தது, எத்தனை காசு ஏழைக்குச் சென்றது என்று கோயில் வாயிலில் எழுதி ஒட்டுங்கள். மறைக்கத் தேவையில்லாத கணக்கை மறைப்பானேன்?

சொல்லைச் செயலாக்கியவர்

கல்வியும் குமுகாயத் தொண்டும் வேறு வேறல்ல என்று வாழ்ந்து காட்டிய தமிழ்க் கத்தோலிக்கர் இல்லாமலில்லை. 1970இல் பூவிருந்தவல்லியில் கூடிய கத்தோலிக்கப் பல்கலைக்கழக மாணவர் கூட்டமைப்பினர், தாங்கள் பிறந்த குமுகாயம் நயன்மையற்றது என்று வெளிப்படையாக ஏற்று, அதை அப்படியே விட்டுச் செல்வதில்லை என்று உறுதி பூண்டனர். மதிப்பெண்ணுக்காக மட்டும் படித்த மாணவர்களின் சொல்லன்று அது.

திருச்சி மாவட்டம் விரகாலூரில் 1937இல் பிறந்தவர் இசுடேன் சாமி அடிகளார். இயேசு சபைத் துறவி. ஒசூருக்கு அண்மையிலுள்ள பெங்களூரில், இந்தியக் குமுகாய நிறுவனத்தின் இயக்குநராக 1975 முதல் 1986 வரை பணியாற்றினார். மக்களிடையே பணிபுரியும் தொண்டர்களுக்கு, இந்தக் குமுகாயம் எப்படி இயங்குகிறது, யார் உழைக்கின்றனர், யார் உண்கின்றனர் என்று கற்பித்த பள்ளி அது. பின்னர் சார்க்கண்டு சென்று பழங்குடி மக்களோடு வாழ்ந்தார். நிலம் பறிபோனவர்க்காகவும், வழக்கு முடியாமலேயே சிறையில் வாடிய பழங்குடி இளைஞர்க்காகவும் குரல் கொடுத்தார். 2020 அக்டோபர் 8ஆம் நாள், 83ஆம் அகவையில், ஊபா என்னும் கொடுஞ்சட்டத்தின்கீழ்ச் சிறைப்படுத்தப்பட்டார். நடுக்குநோயால் கையில் குவளை ஏந்த இயலாத அம்முதியவர், நீர் பருக ஓர் உறிஞ்சுகுழலுக்காக நயன்மன்றத்தின் கதவைத் தட்ட வேண்டியிருந்தது. 2021 சூலை 5ஆம் நாள், பிணை கிடைக்காமலே மும்பை மருத்துவமனையில் உயிர்நீத்தார்.

இவர் தமிழர், கத்தோலிக்கத் துறவி, ஆசிரியர். இவர் படத்தைக் கத்தோலிக்கப் பள்ளிகளின் வகுப்பறைச் சுவரில் எத்தனை இடங்களில் கண்டீர்கள்? முதல் மதிப்பெண் பெற்ற பிள்ளைகளின் படங்களைச் சாலையோரப் பதாகையில் காண்கிறோம். ஊற்றங்கரை வட்டாரமே மதிப்பெண் பள்ளிகளுக்குப் பேர்போனதாகிவிட்டது. அப்போட்டியில் ஒரு கத்தோலிக்கப் பள்ளியும் இறங்கி ஓடுமானால், ஏனைய கல்விக் கடைகளுக்கும் அதற்கும் வேறுபாடு வாயிலில் உள்ள சிலுவை ஒன்றுதானா? அச்சிலுவையில் தொங்கியவர் தச்சுத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளையன்றோ? இன்று அவர் வந்து சேர்க்கை கேட்டால், கட்டணப் பட்டியலைத்தானே கையில் கொடுப்பீர்கள்?

நம் பக்கமும் பார்ப்போம்

பிறரைக் கேட்கும் நாம் நம்மையும் கேட்டுக்கொள்ள வேண்டும். மேடையில் தனித்தமிழ் முழங்கிவிட்டு, மறுநாள் காலை அதே ஆங்கிலவழிப் பள்ளியின் வாயிலில் விண்ணப்பத் தாளுக்காக வரிசையில் நிற்கும் தமிழுணர்வாளர் எத்தனை பேர்! துறவியார் பள்ளி என்றால் ஒழுக்கம் நன்றாயிருக்கும் என்று பரிந்துரை மடலோடு அலைவோரும் நம்மவரே. வாங்குவோர் உள்ளவரை விற்போர் இருப்பர். சாமல்பட்டிக் கல் அறுப்பாளர் தம் மகளைத் தமிழ்வழிப் பள்ளியில் சேர்த்தது இயலாமையால். நாம் சேர்க்க வேண்டியது கொள்கையால். அவர் மகள் படிக்கும் அரசுப் பள்ளியில் நம் பிள்ளைகளும் அமர்ந்தாலன்றி, அப்பள்ளியின் கூரை ஒழுகுவதைப் பற்றி எந்த அமைச்சரும் கவலைப்படப் போவதில்லை.

நாம் வேண்டுவன

தமிழ்க் கத்தோலிக்க உடன்பிறப்புகளே! இவ்வினாக்களை வெளியிலிருந்து நாம் கேட்பதினும் உள்ளிருந்து நீங்கள் கேட்பதே வலிமையுடையது. கோயிலைக் கட்டிய கைகள் உங்களுடையவை. பங்குப் பேரவைகளில் எழுந்து நின்று இவ்வைந்தையும் கேளுங்கள்:

1. சட்டம் கட்டாயப்படுத்தினும் படுத்தாவிடினும், ஒவ்வொரு கத்தோலிக்கப் பள்ளியும் நான்கில் ஒரு பங்கிற்குக் குறையாத இடங்களை ஏழைப் பிள்ளைகளுக்குச் சாதி, சமயம் பாராமல் கட்டணமின்றித் தருதல் வேண்டும்.

2. தொடக்க வகுப்புகள் தாய்மொழிவழியில் நடத்தல் வேண்டும். தமிழ்ப்பிள்ளைக்குத் தமிழ்; இவ்வெல்லைப் பகுதியில் வாழும் தெலுங்கு, கன்னடப் பிள்ளைகளுக்கு அவரவர் தாய்மொழியோடு தமிழும். தமிழ் பேசியமைக்காக எந்தப் பிள்ளையும் தண்டிக்கப்படலாகாது.

3. ஆசிரியர், பணியாளர் அனைவர்க்கும் வாழ்வூதியமும் வைப்புநிதியும் தருதல் வேண்டும். திருச்சபையின் கூலிக்கொள்கை முதலில் திருச்சபையின் சம்பளப் பட்டியலில் தெரிதல் வேண்டும்.

4. உழைப்பாளர் உரிமையும் சாதியொழிப்பும் மறைக்கல்வியிலும் நன்னெறி வகுப்பிலும் பாடமாதல் வேண்டும். ஆலைக்குச் செல்லும் முன்னாள் மாணவர்க்குத் துணைநிற்கும் தொழிலாளர் நடுவம் ஒன்று ஒசூரிலும் கிருட்டிணகிரியிலும் ஏற்படுதல் வேண்டும்.

5. ஒவ்வொரு பள்ளியின் வரவு செலவுக் கணக்கும் ஆண்டுதோறும் மக்கள் பார்வைக்கு வைக்கப்படுதல் வேண்டும்.

இவற்றுள் எதுவும் புதிய கோரிக்கை அன்று. 1852இல் தூரினிலும், 1891, 1965, 1971ஆம் ஆண்டுகளில் உரோமையிலும் சொல்லப்பட்டவற்றைத் தமிழ்நாட்டின் ஒரு சிறிய தொடர்வண்டி நிலையத்தில் நின்று மீண்டும் சொல்கிறோம், அவ்வளவே. சொன்ன சொல்லைச் செயலாக்குங்கள் என்று கேட்பது பகைமையன்று. உண்மையில் அதுவே நட்பு.

ஞாயிறு மாலை வண்டி மீண்டும் வரும். அதே இளைஞர்கள் அதே துணிப்பையோடு ஏறுவர். அவர்களுட் சிலர் காலையில் திருப்பலிக்குச் சென்று வந்தவராயும் இருப்பர். கோயிலில் அவர்கள் இறைவனின் பிள்ளைகள் என்று சொல்லப்பட்டது. மறுநாள் விடியலில் ஆலையின் வாயிலில் அவர்கள் ஓர் எண். இவ்விரண்டுக்கும் நடுவில் ஒரு பள்ளி நிற்க வேண்டும். அவர்கள் மொழியில் பேசி, அவர்கள் உரிமையைக் கற்பித்து, அவர்கள் கூலிக்காக ஒப்பமிடும் பள்ளி. அப்பள்ளியின் வாயில் திறக்கும் நாளில்தான், அக்கல் அறுப்பாளரின் வினாவுக்கு விடை கிடைக்கும்.

பள்ளி யாருடையது? கோயிலைக் கட்டியவருடையது!